இரும்புச் சாளைக்கு ஒன்ஸ் மோர்

ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புகிற தூத்துக்குடியில் எதுவும் லேசில் கெட்டுப்போகாது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கருவாடு கெடாது, மாங்காய் கெடாது, மூன்று தலைமுறைப் பகைகூடக் கெடாது, ஆனால் மனிதர்கள் மட்டும் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே தலை நரைத்து, முட்டி தேய்ந்து, பல் ஆடி, ஒழுங்காகக் கெட்டுப்போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாசி மாதத்தில் நாலு வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லோர் கண்ணெதிரேயும் வயது குறைந்துகொண்டே போனார்கள் என்றால், அதற்கு உப்பும் காரணமில்லை, உப்புக்காற்றும் காரணமில்லை, மக்ரூன் கடை தனிஸ்லாஸ் மிராந்தாவின் வாய்தான் காரணம்.

தனிஸ்லாசுக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டை வெள்ளையை நுரை பொங்க அடித்து, முந்திரிப் பொடியும் சீனியும் சேர்த்துக் கூம்பு கூம்பாகப் பிழிந்து சுடுகிற தொழில். அப்பாவுக்கும் அதே தொழில். இருபது வயதில் அவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. ‘கோயில்ல பூசைக்கு வாசி, வேண்டாம்ங்கல, மத்த நேரம் முட்டைய அடி’ என்று அப்பா அதைத் தூக்கிப் பரணில் போட்டார், பரணில் இருந்த கரையானுக்குச் சங்கீத ஞானம் அதிகம் போல, ஒரு மழைக்காலத்துக்குள் முழுக் கிட்டாரையும் ரசித்து முடித்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி ஒருவன் மக்ரூன் தின்ற சந்தோஷத்தில் ஒரு கேசட்டை அவர் கையில் திணித்துவிட்டுப் போனான்.

கேசட்டில் பாடியவர்கள் அயர்ன் ஹெரிங்ஸ் என்ற நாலு பேர், மழையும் மூடுபனியும் விடாத ஏதோ வடக்குத் துறைமுகத்துப் பையன்கள். ஹெரிங் என்றால் நம்ம சாளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மீன் என்று ஹார்பரில் யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து தெருவில் அந்த பேண்டுக்குப் பெயர் இரும்புச் சாளை, தனிஸ்லாசுக்குப் பெயர் சாளைத் தனிசு. அவருடைய மனைவி பெர்பெத்துவா கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேசட்டை முழுவதும் கேட்டுவிட்டு, ‘யாரை அடிக்காவ, ஏன் இந்தக் கத்து கத்துதான்’ என்று விசாரித்தாள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு ‘போட் நம்பர் ட்வெல்வ்’, கடலுக்குப் போய்த் திரும்பாத பன்னிரண்டாம் நம்பர் படகைப் பற்றியது. நடுவில் பாடகர் ராட்னி க்ரூம், நான் தாழக் கிடப்பேன் என்ற பொருளில், ‘ஐல் லே ஸோ லோ’ என்று பாடுவார். அதைத் தனிஸ்லாஸ் முதல் நாளே ‘ஐலேசா லோ’ என்று கேட்டார், வலை இழுக்கிற சத்தத்தில் வளர்ந்த காது வேறு எதைக் கேட்கும், படகைப் பற்றிய பாட்டு, நடுவில் ஐலேசா, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கும் படகு இழுக்க ஐலேசாதான் வேண்டியிருக்கிறது என்று முப்பது வருசமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், திருத்துவதற்கு ஊரில் யாருக்கும் அந்தப் பாட்டும் தெரியாது, அவ்வளவு இங்கிலீசும் தெரியாது.

பாட்டு முடிகிற இடத்தில் ராட்னி ஒரு இழுப்பு இழுப்பார். தொண்டையின் உச்சிக்குப் போய், அங்கிருந்தும் ஒரு படி ஏறி, கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிற வரை நிற்கும் அந்த இழுப்பு. அப்பா செத்த அன்றும், வயிற்றில் தங்காமல் போன பிள்ளைக்காகப் பெர்பெத்துவா சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த மாதங்களிலும் தனிஸ்லாஸ் அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்து முட்டை அடித்தார். அதை ஒரே ஒரு தடவை, நடுவில் கேசட் இல்லாமல், பாடுகிறவன் வாயிலிருந்து நேராகக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை. வீடு கட்டுகிற ஆசை, வெளிநாடு போகிற ஆசை எல்லாம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆசை நிறைவேறுகிற விதம் எப்போதும் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருக்கும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு சொகுசுக் கப்பல் இஞ்சின் கோளாறாகித் தூத்துக்குடியில் ஒதுங்கியது. அதில் கிழவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு செரிப்பதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த நாலு கிழவர்கள்தான் ஒருகாலத்தில் உலகத்தையே கொளுத்துவோம் என்று பாடிய அயர்ன் ஹெரிங்ஸ். அதே வாரத்தில் உப்பு வியாபாரிகள் சங்கத்துப் பொன்விழா, அதற்கு வரவேண்டிய மெல்லிசைக் குழு கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. சங்கத் தலைவர் சுடலைமணி அண்ணாச்சி மக்ரூன் கடைக்கு வந்து நின்றார்.

"வேய் தனிசு, ஒம்ம சாளைக்காரங்க கப்பல்ல இருக்காங்களாம்லா. நம்ம விழாவுல பாடச் சொல்லுவமா?"

தனிஸ்லாஸ் முட்டை அடிப்பதை நிறுத்தினார். "அண்ணாச்சி, அவங்க யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு..."

"யாரா இருந்தா என்ன. மொதப் பாட்டு பக்திப் பாட்டா இருக்கணும். பொறவு, பொம்பளையாளுக உக்காந்திருக்கிற எடம், சட்டையக் கழத்திட்டு ஆடப்பிடாது."

"அவங்களுக்கு அறுவது தாண்டியாச்சு அண்ணாச்சி."

"அப்பக் கண்டிப்பாக் கழத்தப்பிடாது," என்றார் அண்ணாச்சி.

விழா சங்கத்துத் திடலில் சாயங்காலம் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சிறப்புரையைப் பாராட்டி ஒரு உரை என்று உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் வேண்டாததையும் சொல்லி முடித்து, நாலு கிழவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், குளிருக்கு என்று நினைத்து அவர்கள் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளராக மேடையோரம் நிறுத்தப்பட்டிருந்த தனிஸ்லாஸ், ‘நரகத்துக்கு ஒரு டிக்கெட்’ என்ற பாட்டைப் ‘பாவிகளின் மன்றாட்டு’ என்று அறிவித்தார், அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு அறிவிப்பு வேலையை மறந்து கூட்டத்துக்குள் இறங்கி, பெர்பெத்துவாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசியில் ராட்னி, பொடி எழுத்தில் அச்சடித்த மருந்துச் சீட்டைப் படிக்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "போட் நம்பர் ட்வெல்வ்" என்றார்.

தனிஸ்லாஸ் அழுதார். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதார். பாட்டு வந்தது, ஐலேசா வந்தது, இழுப்பு வரவேண்டிய இடம் வந்தது, அந்த இடத்தில் ராட்னி க்ரூம் ஒரு பெரிய மனிதத் தோரணையோடு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். தொண்டை போன பாடகர்கள் உலகமெங்கும் செய்கிற தந்திரம் அது, ரசிகர்கள் பாடட்டும் என்பது. கூட்டத்தில் உப்பு வியாபாரிகள் இருந்தார்கள், அவர்கள் குடும்பத்தார் இருந்தார்கள், இலவச வடைக்கு வந்தவர்கள் இருந்தார்கள், ஒருத்தருக்கும் பாட்டுத் தெரியாது. திடல் முழுக்க அமைதி, அதில் ஒரே ஒரு குரல், தனிஸ்லாசின் குரல், அம்மி கொத்துகிற சுருதியில் தனியாக இழுத்து அறுந்துபோனது.

முப்பது வருசக் காத்திருப்புக்கு இதுதானா கூலி என்று நெஞ்சு கொதித்த கொதிப்பில் அவர் கத்தினார்: "ஒன்ஸ் மோர்!"

மற்ற தேசங்களில் பாட்டு முடிந்தபின் ரசிகர்கள் இன்னொன்று கேட்பார்கள், பாடகர்களும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வேறொன்று பாடுவார்கள். தமிழ்நாட்டில் ஒன்ஸ் மோர் என்றால் வேறு பாட்டு இல்லை, அதே பாட்டு, முதலிலிருந்து, ஒரு எழுத்து குறையாமல். நாலு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சொல் அவர்கள் மொழிதான், அர்த்தமும் தெளிவாகத்தான் இருந்தது, மரியாதை தெரிந்தவர்கள், மறுபடியும் பாடினார்கள். பாடி முடித்தபோது ராட்னிக்கு வலது புருவம் கறுத்திருந்தது. கூட்டமும் சேர்ந்து "ஒன்ஸ் மோர்" என்றது, ஒருவன் கேட்டுக் கிடைத்ததை நாமும் கேட்பது என்பது ஊர் வழக்கம். மூன்றாம் தடவை முடிந்தபோது டிரம்ஸ்காரர் தன் ஊன்றுகோலை என்னவென்று தெரியாமல் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஒரு ஒன்ஸ் மோருக்கு ஒரு வயது வீதம் நாலு பேருக்கும் குறைந்துகொண்டு வந்தது என்பதைச் சனம் அன்று வீடு திரும்புவதற்குள் சரியாகப் புரிந்துகொண்டது.

புரிந்துகொண்டதே தவிர ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்படுவது அவசரமில்லாத ஊர்களின் வேலை. மறுநாள் காலையிலேயே திடலில் பந்தல் பெரிதானது, சுக்குக்காப்பிக் கடை முளைத்தது, பொன்விழா ஒருநாள் நிகழ்ச்சி என்பது ஒருவார நிகழ்ச்சி என்று போஸ்டர் மாறியது. மாதா கோயில் கோபுர நிழல் விழுகிற இடம் என்பதால் இது மாதாவின் புதுமை என்று ஒரு கோஷ்டியும், அம்மன் கோவில் மணியோசை கேட்கிற தூரம் என்பதால் இது அம்மனின் அருள் என்று இன்னொரு கோஷ்டியும் கிளம்பி, சாயங்காலம் இரண்டு பேரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே குரலில் ஒன்ஸ் மோர் கத்தினார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கூத்தாடியின் கொண்டாட்டத்தில் ரெண்டுபட்ட ஊர் ஒன்றாகிவிட்டது. நம்ம தண்ணி அப்படி என்றார்கள் ஆண்கள், தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்று கேட்டார்கள் பெண்கள். பாஸ்போர்ட் படத்துக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லையே என்று கப்பல்காரர்கள் வந்து கவலைப்பட்டபோது, பாஸ்போர்ட் படத்துக்கும் ஆளுக்கும் என்றைக்கு ஐயா பொருத்தம் இருந்தது என்று சுடலைமணி அண்ணாச்சி பதில் சொல்லி அனுப்பினார்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க உள்ளூர்க் கிழவர்களுக்கு மட்டும் முடியவில்லை. திடலின் மூலையில் அவர்களுக்கென்று ஒரு சின்ன மேடை போடப்பட்டது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் ஏறிப் பழைய பாட்டொன்று பாடிவிட்டு ஆவலோடு காத்திருந்தார், கூட்டம் கைதட்டியது, மரியாதையாக, ஒன்ஸ் மோர் மட்டும் வரவில்லை. ஒருவர் திருக்குறள் சொன்னார், ஒருவர் குட்டிக்கரணம் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் தன் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்து அவர் மனைவியாலேயே நிறுத்தப்பட்டார். பெரிய கட்சிக்காரர் ஒருவர் லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கி, தான் பேசி முடித்ததும் ஒன்ஸ் மோர் கத்தவைத்தார், அதற்கு அவருடைய மீசைச் சாயம் வெளுத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை, கூலிக்குக் கத்தினால் காலம் கேட்காது போலிருக்கிறது. மூன்றாம் நாள் மூலை மேடையைப் பிரித்துவிட்டார்கள். தாங்கள் இத்தனை வருசம் செய்ததில் எதையாவது இன்னொரு தடவை செய்யச் சொல்லி மனசாரக் கேட்க ஒரு ஆள்கூட இல்லை என்பது அந்த மேடையில் தெரிந்துபோனதால், ஊரில் அந்த வாரம் முழுக்கக் கிழவர்கள் கொஞ்சம் பணிவாக நடந்துகொண்டார்கள்.

நாலு பேருக்கும் என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு முட்டிவலி போனது, தொந்தி போனது, அதனோடு ஞாபகமும் போனது. ராட்னி இரண்டாவது மனைவியை மறந்தார், மறுநாள் முதல் மனைவியை மறந்தார், இரண்டு பேரும் எங்கிருந்தோ போன் செய்து திட்டியபோது, யாரோ கோபக்காரப் பெண்கள் என்று சொல்லிப் போனைத் தனிஸ்லாசிடமே கொடுத்துவிட்டார். நல்லவேளை, நாலு பேரில் யாருக்கும் பிள்ளைகுட்டி இல்லை.

தனிஸ்லாஸ் கடையைப் பூட்டிவிட்டார். தினமும் மேடைக்கு நேர்முன்னால் நின்று ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்தார். மைக்கை நீட்டுவது முதலில் நின்றது. பிறகு ராட்னி கீழ் சுருதியில் இழுத்தார், பிறகு பாதிவரை ஏறினார், பிறகு முக்கால். ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் தனிஸ்லாஸ் தனக்குள் சொல்லிக்கொண்டார், இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்.

வீட்டில் அவர் அலமாரியில் இரும்புச் சாளையின் மற்ற கேசட்டுகளும் சிடிக்களும் வரிசையாக இருந்தன. நாலாம் நாள் காலையில் பெர்பெத்துவா ஒரு சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், "இதுல ஒண்ணும் கேக்கல. வெறும் உஸ்ஸுங்குது."

பாடினவர்கள் அந்தப் பாட்டுகளை எழுதுவதற்கு முந்திய வயதுக்குப் போய்விட்டார்கள் என்றால் பாட்டு எங்கிருந்து வரும். தனிஸ்லாசுக்கு அது உடனே புரிந்தது. ஆனால் உண்மையான ரசிகர்களுக்கு ஒரு கொள்கை உண்டு, எந்த பேண்டானாலும் ஆரம்பத்தில் போட்டதுதான் போட்டது, பிற்பாடு வந்ததெல்லாம் காசுக்குப் பாடியது.

"அதெல்லாம் சுமார் ரகந்தான்," என்றார். "போனாப் போவட்டும்."

"நாளைக்கி ஒங்க பாட்டும் போவும்."

"போவாது. நா எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச மூஞ்சியப் பாரு," என்றாள் பெர்பெத்துவா. "முட்டைய அடிக்கதுல மட்டுந்தான் நீங்க நிறுத்துத எடம் தெரிஞ்ச மனுசன். மத்ததுல எதுலயும் நா பாத்ததில்ல."

ஒருவர் சொல்லையும் கேட்காமலே நல்லபடியாக முடிந்த காரியங்களும் உலகத்தில் உண்டு, இது அந்த வகையில் சேரவில்லை. கப்பல் சரியாகிவிட்டது, நாளைக்குப் புறப்படும் என்று தகவல் வந்த அன்று திடலில் ஊரே நின்றது. மேடையில் நின்றவர்களுக்கு இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும், கேசட் அட்டையில் இருக்கிற அதே முகங்கள், அதே முரட்டு முடி. கிட்டார் தொடங்கியதும் தனிஸ்லாசுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான், இந்தத் தடவைதான். மூச்சு விடக்கூடப் பயந்து நின்றார், ஐலேசா போனது, கடைசி வரி போனது, ராட்னி தலையை அண்ணாந்து வாயைத் திறந்தான்.

முப்பது வருசம் அந்த இடத்துக்கு வந்ததும் கூடச் சேர்ந்து கத்திய வாய் தனிஸ்லாசின் வாய். அடுப்படியில் கத்தியிருக்கிறது, சைக்கிளில் கத்தியிருக்கிறது, காய்ச்சலில் படுத்தபடி கத்தியிருக்கிறது. அது அவரைக் கேட்டுக்கொண்டா திறக்கும். கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் விரித்து, கழுத்து நரம்பு புடைக்க, தன் அம்மி கொத்துகிற குரலில், ராட்னியின் இழுப்பு தொடங்கிய நொடியிலிருந்து முடிந்த நொடி வரை ஒரு மயிரிழை இடைவெளி விடாமல் தனிஸ்லாஸ் கத்தித் தீர்த்தார். கண்ணைத் திறந்தபோது திடலே அழுதுகொண்டிருந்தது. பாட்டைக் கண்டாலே ஆகாத பெர்பெத்துவா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதத்தான் இம்புட்டு வருசமாச் சொன்னியளா," என்றாள் மெல்ல. "எனக்குத் தெரியாமப் போச்சே. கேட்டுட்டியள்ல, போதும், வாங்க வீட்டுக்குப் போவோம்."

"நா கேக்கல," என்றார் தனிஸ்லாஸ்.

"என்னது?"

"எஞ் சத்தந்தான் கேட்டுச்சு. ஏட்டி, நா கேக்கலட்டி!"

அவர் வாய் மறுபடி திறப்பதைப் பார்த்ததும் பெர்பெத்துவா அதைக் கையால் பொத்தப் பாய்ந்தாள், விரலிடுக்கு வழியாக ஒன்ஸ் மோர் வெளியே போய்விட்டது. ஊரும் கூடக் கத்தியது, ஊருக்கென்ன.

மேடையில் நாலு பையன்கள் நின்றார்கள். முகம் பெரிதாக மாறவில்லை, ஒரு வயதில் என்ன மாறிவிடும். பாட்டுக்காகக் கை கிட்டாருக்குப் போய் அங்கேயே நின்றது. டிரம்ஸ் பையன் ராட்னியைப் பார்த்தான், ராட்னி கூட்டத்தைப் பார்த்தான்.

"என்ன பாட வேண்டும்?" என்று இங்கிலீசில் கேட்டான்.

"போட் நம்பர் ட்வெல்வ்!" என்றார் தனிஸ்லாஸ்.

"அப்படி எங்களுக்கு ஒரு பாட்டு இல்லையே, சார்."

தனிஸ்லாசின் சட்டைப் பையில் பழைய கேசட்டும் அதைக் கேட்கிற சின்னப் பெட்டியும் எப்போதும் இருக்கும். போட்டுப் பார்த்தார். உஸ் என்றது. இத்தனை நாள் இத்தனை தடவை கேட்ட சனம் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தது, ஒருவருக்கும் ஒரு வரி நினைவில்லை, ஏதோ படகு என்றார் ஒருவர், இல்லை, ஏதோ நம்பர் என்றார் இன்னொருவர். உலகத்தில் வேறெங்கெல்லாம் அந்தப் பாட்டு இருந்ததோ அங்கெல்லாமும் அப்படித்தான் உஸ் என்றிருக்கும். தன் வாயாலேயே அதைக் கொன்றுவிட்டோம் என்று தனிஸ்லாசுக்கு விளங்கியது, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் அவர் உதடு தானாக அசைந்தது. பாட்டு அங்கே இருந்தது. அவரைத் தவிர வேறெங்கும் இல்லை.

"எந்திரிங்க," என்றாள் பெர்பெத்துவா. "போய்ப் பாடுங்க."

"நானா? இந்த ஊரு முன்னாலயா?"

"ஊரக் கெடுக்கும்போது கேட்டா கெடுத்திய? ஏறுங்க."

முட்டை அடித்து அடித்துக் காய்த்துப்போன கையால் தனிஸ்லாஸ் மைக்கைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அது கீச்சென்று கத்தியது, கூட்டம் சிரித்தது. பாடத் தொடங்கினார், சிரிப்பு கொஞ்சம் கூடியது, நியாயமான சிரிப்புத்தான், மோசமாகத்தான் பாடினார். இங்கிலீசு வரிகளில் பாதி அவருக்கே புரிந்ததில்லை, காதில் விழுந்தபடி பாடினார். படகு கரையை விட்டது, அலை ஏறியது, ஐலேசா என்ற இடம் வந்தது.

"ஐலேசா லோ," என்றார்.

"ஐலேசா!" என்றது திடல்.

பாட்டுக்காக இல்லை. ஐலேசா என்று ஒருவன் தனியாகச் சொல்லும்போது பதில் சொல்லாமல் நிற்க அந்தக் கரையில் யாருக்கும் வராது. மறுபடி சொன்னார், மறுபடி சொன்னார்கள், கால்கள் தாமாக மண்ணை மிதித்தன, டிரம்ஸ் பையன் அந்த மிதிக்குச் சரியாகக் குச்சியைப் போட்டான், கிட்டார் பையன் தயங்கித் தயங்கி ஒரு கம்பியை வருடிப் பார்த்தான், அது சரியான கம்பியாகவே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ராட்னி மட்டும் சும்மா நின்றான், கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தனிஸ்லாசின் வாயையே பார்த்துக்கொண்டு, இருபது வயதில் தனிஸ்லாஸ் கேசட் பெட்டிக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றான்.

கடைசி வரி முடிந்தது. இழுப்பைத் தனிஸ்லாஸ் தொடங்கினார். ஏறினார், இன்னொரு படி ஏறினார், அங்கே முட்டிக்கொண்டது. எத்தனையோ நாள் விடாமல் கத்தியதில் தொண்டை புண்ணாகியிருந்தது, குரல் கரகரத்து, இரண்டாகக் கிழிந்து, சுத்தமாக நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை.

அந்த இடத்திலிருந்து ராட்னி எடுத்தான். யாரும் சொல்லித் தரவில்லை, பாட்டு எங்கே போகப் பார்க்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மைக்குக்கு வரவில்லை, நின்ற இடத்திலேயே, ஒரு கை தூரத்தில், தனிஸ்லாசின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தொண்டையின் உச்சிக்குப் போய், அங்கிருந்தும் ஒரு படி ஏறி, விழவிடாமல் அங்கேயே பிடித்து நிறுத்தினான். தனிஸ்லாசால் கூடப் பாட முடியவில்லை. குரல் போய்விட்ட மனிதர் கேட்பதைத் தவிர வேறென்ன செய்வார். கேட்டார். கேசட்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தது, உச்சியில் நிற்கும்போது அந்தக் குரல் லேசாக நடுங்கியது, பையனுக்கு அது முதல் தடவை, எட்டுமா எட்டாதா என்று அவனுக்கே பயம். அந்தப் பயம் தனிஸ்லாசின் நெஞ்சுக்குள் நேராக வந்து இறங்கியது. இத்தனை வருசம் தான் பிடித்துக்கொண்டு எழுந்தது இதைத்தான் என்று அப்போது தெரிந்துகொண்டார்.

முடிந்தது. திடல் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு ஆயிரம் நெஞ்சுகள் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அது எதற்கு என்று தனிஸ்லாசை விட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. இன்னொன்று கேட்டால் அதுவும் கிடைக்கும், அதற்கு மேலும் கிடைக்கும், இந்தப் பையன்கள் கிட்டார் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளாகி, பால்குடிகளாகி, கடைசியில் மேடையில் நாலு பொன்னாடைகள் மட்டும் கிடக்கிற வரை இந்த ஊர் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊரைச் சொல்வானேன். அவர் வாயே திறக்கப் பார்த்தது.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரலே இல்லாத குரலில், காற்றாகச் சொன்னார்:

"அடுத்ததாக, நன்றியுரை."

உள்ளே இழுத்த மூச்சு அத்தனையும் கொட்டாவியாக வெளியே வந்தது. நன்றியுரை என்று காதில் விழுந்தால் தமிழ்ச் சனம் என்ன செய்யுமோ அதைச் செய்தது, எழுந்து வேட்டியை உதறியது, செருப்பைத் தேடியது, மிச்ச வடை இருக்கிறதா என்று எட்டிப்பார்த்தது. சுடலைமணி அண்ணாச்சி நாற்காலி மடக்க ஆள் கூப்பிட்டார். தனிஸ்லாஸ் நிறுத்தவில்லை, நிறுத்தினால் எவனாவது கத்திவிடுவான். சங்கத் தலைவருக்கு நன்றி, பந்தல் போட்டவர்களுக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி, சுக்குக்காப்பிக்கு நன்றி, கோயிலுக்கும் கோவிலுக்கும் நன்றி, வந்தவர்களுக்கு நன்றி, வர முடியாதவர்களுக்கும் நன்றி என்று கிழிந்த தொண்டையால் அவர் சொல்லச் சொல்லத் திடல் காலியாகிக்கொண்டே வந்தது. மேடையில் நாலு பையன்கள் மட்டும், இதுவும் ஏதோ பாட்டு என்று நினைத்து, கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். அவருக்கு அது போதவில்லை, கொஞ்சங்கூடப் போதவில்லை. கண்ணீர் மைக்கில் சொட்ட, "நன்றி, வணக்கம்" என்றார்.